பட்டிப்பளை ஆறு கல்லோயா ஆன கதை

சிறுபோகத்தில் மண்டூர்ப் பக்கம் போனால் ஒரு கேள்விதான் திரும்பத் திரும்பக் காதில் விழும்: "தண்ணி வந்திட்டா?" அந்தத் தண்ணி வரவேண்டியது இங்கினியாகலையில் இருந்து. கல்லோயா இடதுகரை வாய்க்காலின் கடைசியில்தான் எங்கட ஆட்களின் வட்டைகள் கிடக்கு.

கல்லோயா என்று இன்று சொல்லும் ஆற்றுக்குத் தமிழில் பட்டிப்பளை ஆறு என்று பேர். 1949இல் டி. எஸ். சேனநாயக்க அரசாங்கம் கல்லோயா அபிவிருத்திச் சபையை அமைத்தது. அமெரிக்காவின் தெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபைதான் அதற்கு முன்மாதிரி. அணையைக் கட்டியது மொரிசன் நூட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. ஹூவர் அணையைக் கட்டிய கூட்டுக் கம்பனிகளில் அதுவும் ஒன்று. மலைகளுக்கு நடுவே மண்ணால் கட்டிய அந்த அணைக்குப் பின்னால் சுமார் 7,70,000 ஏக்கர் அடி தண்ணி தேங்கும். சேனநாயக்க சமுத்திரம் என்று பேர் வைத்தார்கள்.

அப்போது அந்த இடமெல்லாம் மட்டக்களப்பு மாவட்டம். குடியேறிய குடும்பத்துக்கு 4 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுக்காணியும் கொடுத்தார்கள். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் காணி கிடைத்ததுதான். ஆனால் பெரும்பாலானவர்கள் வெளியிலிருந்து வந்த சிங்களக் குடும்பங்கள். வாய்க்காலின் தலைப்பக்கம் அவர்கள், கடைசிப்பக்கம் நாங்கள்.

1956 ஜூனில் தனிச்சிங்களச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்த நாட்களில், கல்லோயாவில் தமிழர்களைத் தேடித்தேடி அடித்துக் கொன்றார்கள். 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. குளம் அங்கே போனது, வால்பக்க வயல்களில் ஒரு பகுதி இங்கே நின்றது.

இதோடு கதையை முடித்துவிடுவதுதான் எங்கட வழக்கம். ஆனால் 1981ஐயும் சொல்லத்தான் வேணும். அந்தச் சிறுபோகத்தில் குளத்தில் கால்வாசித் தண்ணிதான். கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அனுப்பிய இளம் அமைப்பாளர்கள் வாய்க்கால் வாய்க்காலாகப் போய் விவசாயிகளோடு இருந்து பேசினார்கள். விவசாயிகள் தாங்களே கூடி வாய்க்கால் துப்புரவாக்கினார்கள், முறைவைத்துப் பாய்ச்சினார்கள். தலைப்பக்கச் சிங்கள விவசாயிகள் மிச்சம்பிடித்து, கீழேயிருந்த தமிழ் வயல்களுக்கும் தண்ணி விட்டார்கள். அந்த வேலையில் பங்கெடுத்த நோர்மன் அப்ஹொஃப் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்.

இரண்டு வருசத்தில் 83 வந்தது. அதுக்குப் பிறகு யுத்தம்.

1981 நடந்தது என்பதற்காக 1956ஐ நாங்கள் மறக்கப்போவதில்லை. ஆனாலும் தண்ணி கடைசிக்கு வராதது ஆற்றின் குற்றமில்லை, தூரத்தின் குற்றமுமில்லை. மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவரையும் கணக்கில் எடுத்த ஒரு போகத்தில், அதே வாய்க்காலில், அந்தக் குறைந்த தண்ணியே வந்து சேர்ந்தது.