மார்கழிக் குளிரும் மாலிகூலியாவும்

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கர்நாடகத்தின் அத்திப்பள்ளியை அடுத்து அமைந்துள்ள ஊர் ஜூஜுவாடி. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள ஓசூர்ப் பீடபூமியைச் சேர்ந்தது. மார்கழி, தை மாதங்களில் சுப்ஹுத் தொழுகைக்குச் செல்வோர் பனிமூட்டத்தினூடே பள்ளிவாசலை அடைவர். சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒரு வைகறையில், தொழிற்சாலையில் இரவுப்பணி முடித்து வந்த இளைஞர் ஒருவர் நம்மிடம் ஒரு வினா எழுப்பினார். குளிர்காலம் வந்தாலே காரணமின்றித் துக்கம் மேலிடுகிறது, எவ்வளவு உறங்கினாலும் சோர்வு தீரவில்லை, தொழுகையிலும் மனம் நிலைக்கவில்லை. இது ஈமானின் பலவீனமா என்பதே அவ்வினா. அப்படித்தான் என்று உறவினர் முடிவு கட்டிவிட்டனராம்.

அன்று நாம் அளித்த விடை சுருக்கமானது. விரிவான விடையை நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்துள்ளனர்.

பருவத்திற்கும் மனநிலைக்கும் தொடர்புண்டு என்பது கிரேக்க மருத்துவர் அறிந்த செய்தி. ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் மருத்துவ முதுமொழிகள், வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மிகும் நோய்களுள் மனச்சோர்வு நோயையும் வைத்து எண்ணுகின்றன. அந்நூலை அரபியில் பெயர்த்தவர் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (மறைவு கி.பி. 873). கிரேக்கச் சொல் அரபியில் 'மாலிகூலியா' ஆயிற்று. குளிர்ச்சியும் வறட்சியும் கொண்ட 'ஸவ்தா' எனும் கரும்பித்தம் மிகுவதே அதன் காரணம் என்று அன்றைய மருத்துவம் கருதியது. கைரவான் நகரில் பணியாற்றிய இஸ்ஹாக் இப்னு இம்ரான் இந்நோய்க்கெனவே தனி நூல் இயற்றினார். 11ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கரான கான்ஸ்டன்டைன் அதனைத் தழுவி இலத்தீனில் எழுத, ஐரோப்பாவும் அதனைப் பயின்றது.

எனினும், அந்த இளைஞரின் வினாவுக்கு நேரே விடை தருபவர் அபூ ஸைத் அல்பல்கீ (மறைவு ஹிஜ்ரி 322, கி.பி. 934) அவர்களே. 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' எனும் அவருடைய நூலின் முதற்பகுதி உடல்நலத்தையும் இரண்டாம் பகுதி உளநலத்தையும் பேசுகின்றன. துக்கத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, காரணம் தெரிந்த துக்கம்: அன்புக்குரியவரை இழத்தல், பொருளை இழத்தல் போன்றவற்றால் வருவது. மற்றொன்று, காரணம் புலப்படாமல் மனத்தைக் கவ்வும் துக்கம். இதன் வேர் உடலில் உள்ளது என்றார். முன்னதற்குச் சிந்தனையைச் சீர்படுத்துவதும் பிறர் கூறும் ஆறுதலும் மருந்து. பின்னதற்கு உடலுக்கான மருத்துவம் முதன்மையானது. இனிய பேச்சும் மனமகிழ்ச்சியும் துணை. இரண்டாம் வகையை இறைநம்பிக்கையின் குறையாக அவர் எண்ணவில்லை என்பதே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது.

இப்பார்வை மார்க்க மரபுக்கு அயலானதன்று. மகனைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்கள் துயரத்தால் பார்வை இழந்ததைக் குர்ஆன் கூறுகிறது. கதீஜா (ரலி), அபூதாலிப் ஆகியோரின் மறைவு நிகழ்ந்த ஆண்டினைத் 'துக்க ஆண்டு' என்றே நபிவரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். துயருற்ற வீட்டாருக்காக ஆயிஷா (ரலி) அவர்கள் 'தல்பீனா' எனும் வாற்கோதுமைக் கஞ்சி சமைக்கச் செய்ததைப் புகாரி பதிவு செய்கிறது. ஆறுதலோடு ஆகாரமும் சேர்ந்தே வந்தது.

இவ்வறிவு ஏட்டோடு நின்றுவிடவில்லை. டமாஸ்கஸில் நூருத்தீன் ஸங்கி 1154இல் நிறுவிய மருத்துவமனையும், கெய்ரோவில் கலாவூன் 1284இல் எழுப்பிய மருத்துவமனையும் மனநோயாளருக்கும் இடமளித்தன. இரண்டாம் பாயஸீத் 1488இல் எதிர்னேயில் அமைத்த மருத்துவமனையில் நோயாளர்களுக்காக வாரம் மூன்று முறை இசை ஒலித்ததாகப் பயணி எவ்லியா செலபி எழுதினார். இசை பற்றிய ஃபிக்ஹு விவாதம் ஒருபுறமிருக்க, நோயாளியை இகழாமல் இதமாகப் பேணிய பண்பு போற்றத்தக்கது.

கரும்பித்தக் கொள்கையை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆயினும், காரணம் புலப்படாத துக்கத்துக்கு உடலிலும் வேர் உண்டு என்ற பல்கீயின் கருத்து நிலைத்து நிற்கிறது. 1984இல் அமெரிக்காவில் நார்மன் ரோசன்தாலும் உடன் ஆய்ந்தோரும் 29 நோயாளரை ஆராய்ந்து, பருவந்தோறும் திரும்பி வரும் மனச்சோர்வை விவரித்தனர். ஒளியே அதற்கான சிகிச்சைகளுள் ஒன்றாயிற்று: 10,000 லக்ஸ் அளவுள்ள வெளிச்சத்தின் முன் காலையில் அரை மணி நேரம் அமர்தல். கண்வழி புகும் காலை ஒளி, மூளையிலுள்ள உயிர்க்கடிகாரத்தைச் சீர்செய்கிறது. அதே 1984இல்தான், இஸ்தான்புல்லில் இருந்த பல்கீயின் கைப்பிரதியை ஃபுவாத் ஸெஸ்கின் பிராங்க்பர்ட்டில் நிழற்படப் பதிப்பாக வெளியிட்டார். உளநலப் பகுதியை மாலிக் பத்ரி ஆங்கிலத்தில் பெயர்க்க, அது 2013இல் வெளிவந்தது.

லண்டனின் குறுகிய பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஜூஜுவாடியிலோ மார்கழியிலும் பகல் பதினொரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது. எனவே வடநாடுகளின் குளிர்காலச் சோர்வை இங்கு அப்படியே பொருத்திவிட இயலாது. ஆனால் இரவெல்லாம் ஆலையில் நின்று, பகலெல்லாம் கதவடைத்து உறங்கும் தொழிலாளிக்கு அப்பகலால் பயன் என்ன? பிழைப்பின் பொருட்டு ஊரையும் உறவையும் விட்டு வந்தவருக்குத் தனிமையும் சேர்கிறது. அவருக்கு வெயில் வேண்டும், நடை வேண்டும், ஒழுங்கான உறக்கம் வேண்டும், பேச ஒருவர் வேண்டும். சோர்வு இரு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தாலோ மருத்துவரை நாடுவது கடமை. ஜூஜுவாடியைக் கடந்து செல்லும் அதே நெடுஞ்சாலை வழியில், பெங்களூரின் ஓசூர் சாலையில், 1974இல் உருவான தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமாகிய நிம்ஹான்ஸ் அமைந்துள்ளது. 2022 முதல் 14416 என்ற எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனையும் கிடைக்கிறது.

"இது ஈமானின் குறையன்று, மருத்துவரைப் பாருங்கள், துஆவையும் விடாதீர்கள்" என்பதே அன்று நாம் அவருக்குச் சொன்னது. அவர் நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார், பின்னர், "இதை வீட்டாரிடமும் வந்து சொல்வீர்களா, ஹஜ்ரத்?" என்று கேட்டார். நோயைவிடப் பழிச்சொல்லே அவரை வாட்டியிருந்தது. பல்கீயின் நூலை நாம் மறந்ததன் விலையை இத்தகைய இளைஞர்களே செலுத்துகின்றனர்.