சங்கிலி அளந்த தாள்

வரப்புத் தகராறு என்று வந்துவிட்டால், பஞ்சாயத்தில் முதலில் எழும் கேள்வி, 'எஃப்.எம்.பி. இருக்கா?' என்பதுதான். புலப்படம் என்கிற அந்தத் தாள், ஒரு சர்வே எண்ணுக்கு ஒன்று உண்டு. கோணலான ஒரு கட்டம், அதற்குள் மூலைக்கல்லை மூலைக்கல்லோடு சேர்க்கும் ஜி கோடு, அதிலிருந்து வரப்பின் வளைவுகளைத் தொடும் சிறுசிறு குறுக்களவுகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண்.

அந்த எண்கள் வெயிலில் நடந்து எடுத்தவை. சென்னை மாகாணத்தில் 1858-இல் முறையான நில அளவை தொடங்கியபோது அளவுகோல் 66 அடி நீளச் சங்கிலி, அதில் 100 லிங்க். கல் நட்டு, சங்கிலி இழுத்து, அங்கேயே குறித்து, பிறகு படமாக்கினார்கள். 1923-இன் நில அளவை, எல்லைகள் சட்டம் அந்தக் கற்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தந்தது. அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோதெல்லாம் தாளில் கோடு கூடியது. 5/2 என்பது 5/2ஏ ஆகி, பிறகு 5/2ஏ1 ஆனது.

1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். என்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டம்தான் பெரிய திருப்பம். ஏக்கர், சென்ட் போய் ஹெக்டேர், ஏர் வந்தது; ஓர் ஏர் ஏறத்தாழ 2.47 சென்ட். கையால் எழுதிய பதிவேடுகளைப் பார்த்துப் புதிதாக எழுதியபோது பெயர் மாறியது, பரப்பு குறைந்தது, பக்கத்து வயல்காரர் உள்ளே வந்தார். இன்றும் 'யூ.டி.ஆர். பிழை' என்ற மனுவோடு வருவாய் அலுவலகப் படி ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முக்கியத் துணை, ஊர் நிலங்களின் விவரம் எழுதிய, யூ.டி.ஆருக்கு முந்தைய அ பதிவேடு.

இந்த நிலையில்தான் கணினி வந்தது. மத்திய அரசின் நிலப் பதிவேடு கணினிமயத் திட்டம் 1988-89-இல் தொடங்கியது. பெயரும் பரப்பும் முதலில் ஏறின, படம் காத்திருந்தது. 2008-இல் வந்த தேசியத் திட்டத்துக்குப் பிறகு அதற்கும் வேகம் பிறந்தது. தமிழ்நாட்டில் பயன்படும் கொலாப்லேண்ட் மென்பொருளில் புலப்படத்தின் அளவுகளை எண்களாக உள்ளிடுகிறார்கள். மென்பொருளே கோடு போடுகிறது. மங்கிய 3-ஐ 8 என்று படித்துவிட்டால் வயலின் மூலை வேறிடம் போய்விடும். பக்கத்துப் புலப்படத்தோடு இணைக்கும்போது இடைவெளியோ மேல்விழுதலோ தெரியும். அப்படித் தெரிந்த பிழையைத் திருத்த முடியும். பெயரில் நேர்ந்த பிழை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் உள்ளே போய், கணினிச் சிட்டாவில் அரசு முத்திரையோடு வெளிவரும்.

எனவே கணினிமயத் திட்டமிடலின் முதல் வேலை தட்டச்சுக்கு ஆள் எடுப்பதல்ல, ஒப்புநோக்க ஆள் எடுப்பது. பழைய தாளை ஸ்கேன் செய்து, புதிய படத்தின் பக்கத்திலேயே மக்கள் பார்க்க வைக்க வேண்டும். யார், எந்த உத்தரவின்படி, எப்போது மாற்றினார் என்பது பதிவில் நிற்க வேண்டும். கணினியில் ஏறிவிட்டது என்று சொல்லி மூலப் பதிவேட்டைக் கரையானுக்கு விடுவது, வழக்கின் ஒரே சாட்சியை அழிப்பதாகும்.

தமிழக அரசின் மின்சேவைத் தளத்தில் அ பதிவேட்டு விவரத்தையும் புலப்படத்தையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். உங்கள் சர்வே எண்ணைப் போட்டுப் பாருங்கள். வீட்டிலுள்ள பழைய பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால், விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே மனுக் கொடுத்துவிடுங்கள்.