பிடல்ஃப் என்றொரு பெயர்

பிடல்ஃப் என்பது முதலில் ஓர் ஊரின் பெயர். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் வட்டாரத்தில் இருக்கிறது அந்த ஊர். 1086-இல் வில்லியம் அரசன் எடுப்பித்த நிலக் கணக்கான டூம்ஸ்டே ஏட்டில் அது 'பிடோல்ஃப்' என்று பதிவாகியிருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'தோண்டிய இடத்துக்குப் பக்கம்' என்று அதற்குப் பொருள். ஆசாரிபள்ளத்துக்கும் குழித்துறைக்கும் பஸ் ஏறுகிற நமக்கு இது விநோதமாகத் தோன்றாது. மண்ணில் கிடக்கிற ஒரு பள்ளம் ஊருக்குப் பெயராவது உலகெங்கும் உள்ள வழக்கம்தான்.

ஊரின் பெயர் மனிதரின் பெயரானதும் அப்படி நடந்ததே. இங்கிலாந்தில் குடும்பப்பெயர்கள் 11-ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு, ஏறத்தாழ நானூறு ஆண்டுகளில், மெல்ல மெல்ல உறைந்து நிலைத்தன. தொழிலால் ஸ்மித், தந்தையால் ஜான்சன், நிறத்தால் பிரவுன், ஊரால் பிடல்ஃப். 1538-இல் தாமஸ் கிராம்வெல் ஒவ்வொரு சபையும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று ஆணையிட்ட பிறகு, எழுதிய பெயர் எழுதியபடியே நின்றது. ஸ்மித் போன்ற பெயர்கள் பல ஊர்களில் தனித்தனியே முளைத்தன, அதனால் பெருகின. ஒரே ஊரிலிருந்து புறப்பட்ட பெயர்கள் அரிதாகவே இருந்தன. பிடல்ஃப் இந்த இரண்டாம் வகை. ஸ்டாஃபோர்ட்ஷயர் நிலக்கிழார்கள், லண்டன் வங்கிக்காரர்கள், லெட்பரி ஊரின் பிரபுக் குடும்பம் என்று சில கிளைகள் மட்டும். ஜான் பிடல்ஃப் என்ற ராணுவ அதிகாரி 1877-இல் கில்கிட்டில் முதல் அரசியல் முகவராகப் போய் உட்கார்ந்தார். மத்திய ஆசியாவின் தக்லமக்கான் பாலைவனத்தில் மண்ணில் ஓடித் திரிகிற ஒரு பறவைக்கு அறிவியலாளர்கள் வைத்த பெயரில் இன்றும் அவர் இருக்கிறார்.

அந்தப் பெயர் அதற்கும் முன்பே நம் மாவட்டத்துக்கு வந்துவிட்டது. அது வந்தது ஒரு பெண்ணின் மேல். அவர் லோயிஸ் பிடல்ஃப். தேவவரம் முன்ஷியின் மகள். சாதியடுக்கின் அடியில் வைக்கப்பட்டிருந்த ஒரு குடும்பம், லண்டன் மிஷனரி சங்கத்தின் வழியாகக் கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பம். ஸ்டாஃபோர்ட்ஷயர் எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியத் தேவையே இல்லாத ஒரு வீட்டில் பிறந்தவருக்கு அந்த ஊரின் பெயர் எப்படி வாய்த்தது?

லோயிஸ் என்பது விவிலியப் பெயர், தீமோத்தேயுவின் பாட்டி. அதை எளிதில் விளக்கிவிடலாம். பிடல்ஃபை விளக்க அந்தக் காலத்து மிஷன் பள்ளிகளின் கணக்குப் புத்தகத்துக்குப் போக வேண்டும்.

1806-இல் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானியர் மயிலாடிக்கு வந்தார். அவர் பெயருக்கு ஜெர்மன் மொழியில் ஒரு வகைக் காட்டுப்புறா என்று பொருள். பொருளே தெரியாமல் நம் ஆட்கள் அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள். அவருக்குப் பின்வந்த சார்லஸ் மீட், சார்லஸ் மால்ட் ஆகியோரின் காலத்தில்தான் நாகர்கோவிலிலும் நெய்யூரிலும் பெண்பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளிகள் வேரூன்றின. அவற்றை நடத்தியவர்கள் அவர்களுடைய மனைவிமார். சம்பளப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. மிஷனரி என்ற சொல் கணவருக்கு மட்டும் உரியது. பிள்ளைகளுக்குச் சோறும் துணியும் புத்தகமும் தர இங்கிலாந்துச் சபைகளிடமிருந்து பணம் வந்தது. மாதர் குழுக்களும் ஞாயிறுப் பள்ளிகளும் தனி மனிதர்களும் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று அனுப்பினார்கள். அனுப்பியவர்களுக்கு ஓர் உரிமையும் இருந்தது. பிள்ளைக்குப் பெயர் சூட்டலாம். தங்கள் போதகரின் பெயர், நன்கொடையாளரின் பெயர், இறந்துபோன ஓர் உறவினரின் பெயர், எதுவானாலும் சரி. பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, வாசகர்கள், உபதேசியார்கள் என்று சம்பளம் வாங்கிய உள்ளூர் ஊழியர்களுக்கும் இப்படிப் பெயர் வந்தது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதையல்ல. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரியையும் 1824-இல் உடுவிலில் பெண்கள் பள்ளியையும் தொடங்கியபோது அங்கும் இதே ஏற்பாடுதான். 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளை ஆர்னால்டு என்றும் அறியப்பட்டார். விசுவநாதபிள்ளைக்குக் கரோல் என்ற பெயர் சேர்ந்தது. தமிழ் படித்தவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் தாண்டி வராமல் இருக்க முடியாது. ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஆண்களிடம் இரண்டு பெயர்களும் இருந்தன. புத்தகத்தின் முகப்பில் எதை அச்சிடுவது என்று அவர்களே முடிவு செய்யலாம். புத்தகம் எழுத வாய்க்காத பெண்ணுக்கு அந்த முகப்பு ஏது?

டோனாவூர் இன்னும் விசித்திரம். களக்காட்டுக்குப் பக்கத்தில் ரேனியஸ் ஐயர் காலத்தில் நிலம் வாங்கப் பணம் கொடுத்த டோனா என்ற பிரஷ்ய பிரபுவின் குடும்பப்பெயர் அப்படியே ஊராகிவிட்டது. ஐரோப்பாவில் ஊர் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்தது. இங்கே குடும்பம் ஊருக்குப் பெயர் கொடுத்தது. பணம் போகும் திசையில் பெயரும் போகிறது.

லோயிசின் பிடல்ஃபையும் இந்த வழியில் வந்த பெயராகவே நான் படிக்கிறேன். அப்படிப் படிக்கும்போது இரண்டு உணர்வுகள் ஒன்றாக எழுகின்றன. கடல் கடந்த ஒருவரின் கருணைக்கு ரசீதாக ஒரு சிறுமியின் பெயர் மாறியிருக்கிறதே என்ற கசப்பு ஒன்று. மற்றொன்று அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாதது. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். அதுவரை நிலத்தோடு சேர்த்து மனிதர்கள் விற்கப்பட்டார்கள், அடகு வைக்கப்பட்டார்கள். வயலில் நின்ற பெண்ணுக்கு வீட்டுக்காரர் கூப்பிட்டதுதான் பெயர். அந்த இடத்திலிருந்து வந்த ஒரு பிள்ளையின் பெயர் முதன்முதலாக மையால், ஒரு பதிவேட்டில், இன்னாருடைய மகள் என்று எழுதப்படுகிறது. நாகர்கோவில் பள்ளியில் மார்த்தா மால்ட் கற்றுக்கொடுத்த ரேந்தைப் பின்னலில் கிடைத்த கூலியைச் சேர்த்துத் தங்களை விடுவித்துக்கொண்ட அடிமைப் பெண்கள் இருந்தார்கள். தோள்சீலைக்காகப் பெண்கள் அடிபட்ட காலமும் இதுவே. 1822-இல் தொடங்கிய கலகம் 1859-இல் மகாராஜாவின் பிரகடனம் வரை நீண்டது. உடம்பை மறைக்கத் துணி கேட்டுப் போராடியவர்களிடம், உன் பெயர் அந்நியப் பெயர் என்று இன்று நாம் குறை சொல்ல முடியுமா? எனக்கு வாய் வரவில்லை.

இனி மீட் என்ற பெயர். ஆங்கிலத்தில் புல்வெளி என்று பொருள், அரிதான பெயரல்ல. அது நம் வட்டாரத்தில் பெண்கள் வழியாக ஓடிய விதம்தான் விசேஷம். மார்த்தா மால்ட் பிறந்தபோது மார்த்தா மீட். மணமானதும் அந்தப் பெயர் அவரை விட்டுப் போயிற்று. சார்லஸ் மீட்டுக்கோ மனைவியர் மூவர். முதலாமவர் திருவிதாங்கூர் வந்து சேரும் முன்னரே இறந்துபோனார். இரண்டாமவர் தஞ்சாவூரில் ஊழியம் செய்த ஹார்ஸ்ட் ஐயரின் மகள் ஜோஹன்னா. மூன்றாமவர் லோயிஸ் பிடல்ஃப். ஒருவரிடமிருந்து கழன்ற பெயர் மூவர்மேல் வந்து ஒட்டியது. ஆங்கிலச் சட்டத்தில் அப்போது மனைவி என்பவள் கணவனுக்குள் அடங்கியவள். அவள் சொத்தும் ஒப்பந்தமும் அவனுடையவை. அமெரிக்காவில் லூசி ஸ்டோன் 1855-இல் மணந்த பிறகும் தன் பெயரை விடமாட்டேன் என்றது அதனால்தான் பெரும் செய்தியாயிற்று.

மீட், லோயிசை மணந்தது 1850-களின் தொடக்கத்தில். மணமகன் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். மணமகள் வயதில் மிக இளையவர், மிஷனில் வேலை பார்த்தவரின் மகள். உடன் ஊழியர்கள் கொதித்துப் போனார்கள். மீட் சங்கத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் திருவிதாங்கூர் அரசு அவரைக் கல்விப் பணியில் அமர்த்திக்கொண்டது. 1873-இல் திருவனந்தபுரத்தில் இறந்தார். இந்தத் திருமணத்தை நம் ஊரில் சாதியை உடைத்த புரட்சியாகப் பேசுவது வழக்கம். மேடையில் இதைச் சொன்னால் கைதட்டலும் விழும். வெள்ளைக்காரர் ஒருவர், அதுவும் ஐயர், ஊர் தீண்டாத சாதிப் பெண்ணை மணப்பதற்குத் துணிச்சல் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. எதிர்த்த மிஷனரிகளிடம் சாதியும் நிறமும் பேசின என்பதும் உண்மை. ஆனால் முதலாளி, ஊழியரின் மகள், இடையில் அத்தனை வயது என்று இதே கதையை வேறு பெயர்களோடு சொல்லிப் பாருங்கள். கைதட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்போம். மீட்டின் துணிச்சலைப் பற்றிப் பேசுகிறோம், சங்கத்தின் கோபத்தைப் பற்றிப் பேசுகிறோம். லோயிசின் சம்மதத்தைப் பற்றி யார் பேசினார்கள்?

பெயரின் பயணத்தை மட்டும் பார்த்தால், ஸ்டாஃபோர்ட்ஷயரின் பள்ளத்திலிருந்து கிளம்பிய பிடல்ஃப் நம்மிடம் ஒரு பெண்ணின் சொந்தப் பெயராக வந்தது. அவர் திருமதி மீட் ஆனதும் நின்றுபோனது. பிள்ளைகள் மீட் ஆனார்கள்.

தமிழில் இப்படியொரு ஏற்பாடு எப்போதும் இருந்ததில்லை. ஒக்கூர் மாசாத்தியார், அள்ளூர் நன்முல்லையார் என்று சங்கப் பாட்டுக்காரிகளைச் சொல்லும்போது முன்னால் நிற்பது ஊர். அப்பனோ கணவனோ அல்ல. வெள்ளிவீதியாருக்கு ஒரு தெருவே பெயராக ஒட்டிக்கொண்டிருக்கிறது. கல்குளம், விளவங்கோடு பக்கம் இன்றும் ஆளை அடையாளம் சொல்வது வீட்டுப்பேரால்தான். விளையின் பெயரைச் சொல்லி 'இன்ன விளையில் உள்ளவள்' என்றால் போதும். நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் 1926 வரை மருமக்கள்வழிதான் சட்டம். சொத்து தாய்வழியில் வந்தது. அதனால் பெண் ஆண்டாள் என்று யாரும் மயங்க வேண்டாம். ஆண்டவர் காரணவரான தாய்மாமன். கவிமணியின் 'மருமக்கள்வழி மான்மியம்' ஐந்தாவது மனைவியாக வாழ்க்கைப்பட்ட ஒருத்தியின் புலம்பல். வழி தாயுடையது, பிடி ஆணுடையது.

இன்றைக்கு மாவட்டத்தில் ஆங்கிலக் குடும்பப்பெயர்களின் பரவலைப் பார்த்தால் ஒரு கோணல் கண்ணில் படும். லிவிங்ஸ்டன், வெல்லிங்டன், நெல்சன், கிளாட்ஸ்டன், ஸ்பர்ஜன், தாம்சன், வில்சன். என் வகுப்புகளின் வருகைப் பதிவேட்டில் ஒரு பிரிட்டிஷ் அமைச்சரவையே உட்கார்ந்திருக்கும். ஆப்பிரிக்காவுக்குப் போன லிவிங்ஸ்டனும் லண்டன் மிஷனரி சங்கத்து ஆள்தான். அந்தப் பெயர் நம் ஊரில் இத்தனை பேரிடம் இருப்பது தற்செயலல்ல என்று தோன்றுகிறது. தாம்சன் என்றால் தாமசின் மகன். இங்கே முருகேசனின் மகனும் தாம்சனாக இருக்கலாம். நெய்யூர் மருத்துவமனையில் உழைத்த, எவரெஸ்டில் 1922-லும் 1924-லும் ஏறிய டாக்டர் சோமர்வெல்லின் பெயரையும் நன்றியோடு பிள்ளைகளுக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் இவையெல்லாம் ஆண்பிள்ளைகளுக்கு. பெண்பிள்ளைகளுக்கு மேரி, கிரேஸ், ஃப்ளாரன்ஸ், லில்லி. அதாவது அங்கே முதற்பெயராக இருந்தது இங்கே பெண்ணுக்கும், குடும்பப்பெயராக இருந்தது ஆணுக்கும் என்று நாமே பங்கிட்டுக்கொண்டோம். வரலாறும் வீரமும் கொண்ட பெயர் மகனுக்கு, பூவும் கிருபையும் மகளுக்கு. மிஷன் பள்ளியின் கணக்கிலாவது ஒரு பெண்ணுக்குப் பிடல்ஃப் வாய்த்தது.

மகளுக்கு அந்தப் பெயர் வேறு வழியில் வந்து சேர்கிறது. தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இனிஷியல்தான். லிவிங்ஸ்டனின் மகள் எல். கிரேஸ். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கிற அன்று படிவம் குடும்பப்பெயர் கேட்கிறது. இனிஷியலை விரித்து எழுதுகிறாள். விமான நிலையத்தில் அவள் மிஸ் லிவிங்ஸ்டன். ஸ்காட்லாந்தில் குடும்பப்பெயராக இருந்தது நாகர்கோவிலில் ஓர் ஆணின் பெயராகி, மறுபடியும் அவர் மகளுக்குக் குடும்பப்பெயராகிவிட்டது. கல்யாணம் ஆனால் எல் போய் டி வரும். சான்றிதழில் ஒன்று, ரேஷன் கார்டில் ஒன்று, வங்கிக் கணக்கில் ஒன்று. 'இரண்டும் நான்தான்' என்று நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொண்டு அலைகிற ஆண் ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. நம் மண்ணின் முதல் பெரிய பெண் நாவலாசிரியர் ஹெப்சிபா ஜேசுதாசன் 1964-இல் 'புத்தம் வீடு' தந்தபோதும் இரண்டாம் பெயர் கணவருடையதே.

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999-இல் உச்ச நீதிமன்றம், தந்தை உயிரோடு இருக்கும்போதும் தாய் இயற்கைக் காப்பாளராக இருக்க முடியும் என்று சொன்னது. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதிகள் மாறி, பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்றாயிற்று. அதன் பிறகும் கல்லூரிச் சேர்க்கை நாட்களில், மாணவிகள் அம்மாவின் பெயரை எழுதிவிட்டு, 'மிஸ், இப்படி எழுதினா திருப்பி அனுப்புவாங்களா?' என்று கேட்டுக்கொண்டுதான் நிற்கிறார்கள். அனுப்பினால் விதியைக் காட்டு என்கிறேன். சிலர் காட்டுகிறார்கள். சிலர் அங்கேயே அடித்துவிட்டு அப்பாவின் பெயரை எழுதுகிறார்கள். அந்த வரிசையில் நிற்க அவர்களுக்கு நேரமில்லை, நாலு மணிக்கு மார்த்தாண்டம் பஸ்.