எர்லாங்கனில் சுருங்கிய சங்கீதம்

ஜெர்மனியின் தென்பகுதியில், பவேரியா மாகாணத்துக்கு உட்பட்ட பிராங்கோனியா என்னும் பிரதேசத்தில், எர்லாங்கன் என்று ஒரு நகரம் இருக்கிறது. பிரெஞ்சு அரசன் பதினான்காம் லூயி தன் நாட்டுப் பிராட்டெஸ்டண்டுகளை வாட்டி வதைத்த காலத்தில், அடைக்கலம் தேடி ஓடிவந்த ஹ்யூகனாட்டுகளைக் குடியேற்றுவதற்காக, 1686ஆம் ஆண்டில் பழைய ஊருக்குப் பக்கத்திலேயே இங்கே ஒரு புதிய ஊரை நிர்மாணித்தார்கள். வந்தவர்கள் காலுறை பின்னும் தொழிலை உடன் கொண்டுவந்தார்கள். 1743இல் சர்வகலாசாலை ஒன்று ஏற்பட்டது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு, பெர்லினில் இருப்புக்கொள்ளாத ஸீமென்ஸ் கம்பெனியின் பெரும்பகுதி இங்கே வந்து சேர்ந்தது. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிற இடமெல்லாம் பாட்டுக் கேட்கும்படியான அந்தச் சிறு யந்திரத்தின் பூர்வோத்தரத்தை விசாரித்துக்கொண்டு போகிறவன் கடைசியில் வந்து நிற்கவேண்டிய ஊர் இதுதான். பெட்டியைச் செய்தவர்கள் கொரியர்கள். அதை விற்று உலகப் பிரசித்தி அடைந்தவர்கள் அமெரிக்கர்கள். ஆனால் அத்தனை சிறிய பெட்டிக்குள் அடங்கும்படி சங்கீதத்தைச் சுருக்கியவர்கள் எர்லாங்கன்காரர்கள். அவர்கள் பெட்டியைப்பற்றி அதிகமாகக் கவலைப்படவில்லை. மனிதனுடைய காதைப்பற்றியே கவலைப்பட்டார்கள்.

சங்கீதத்தைப் பிடித்து வைப்பதில் ஜெர்மானியருக்கு வெகுநாளைய சிரத்தை உண்டு. 1928இல் பிரிட்ஸ் ஃப்ளாய்மர் என்பவர் காகித நாடாவில் இரும்புத் தூளைப் பூசி ஒலியைப் பதிவு செய்யும் முறைக்கு பேட்டண்ட் உரிமை கோரினார். அந்த யோசனையை வளர்த்து ஏ.இ.ஜி. கம்பெனி செய்த மேக்னடோஃபோன் யந்திரம் 1935ஆம் ஆண்டு பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஜனங்களின் பார்வைக்கு வந்தது. மறுவருஷமே, நாடா தயாரித்த ரசாயனத் தொழிற்சாலை இருந்த லுட்விக்ஸ்ஹாஃபனில், தாமஸ் பீச்சம் நடத்திய லண்டன் பில்ஹார்மோனிக் கச்சேரி நாடாவில் பதிவாயிற்று. எர்லாங்கனுக்கு அடுத்த ஃபியூர்த் நகரத்தில் 1930இல் வானொலிக் கடை வைத்த மாக்ஸ் கிருண்டிக், யுத்தத்தில் தோற்று அன்னியப் படைகளின் ஆதிக்கத்தில் இருந்த தேசத்தில் வானொலிப் பெட்டி செய்து விற்பதற்குக் கட்டுப்பாடு இருந்தபடியால், வால்வுகள் இல்லாமல் விளையாட்டுச் சாமான் என்ற பெயரில் பெட்டியின் பாகங்களை விற்றுப் பிழைத்து, பிற்பாடு டேப் ரிக்கார்டர் வர்த்தகத்தில் ஐரோப்பா முழுவதும் பெயர் எடுத்தார். பிலிப்ஸ் கம்பெனியின் கேசட்டும் 1963இல் அதே பெர்லின் கண்காட்சியில்தான் அரங்கேறியது. ஜெர்மனியில் பிறந்து பிரேசிலில் வளர்ந்த ஆண்ட்ரியாஸ் பாவெல் என்பவர் இடுப்பில் மாட்டிக்கொண்டு காதுக்கருவி வழியாகக் கேட்கும் யந்திரம் ஒன்றைக் கற்பித்து 1977இல் இத்தாலியில் உரிமை கோரினார். கிருண்டிக் முதலிய கம்பெனிகளிடம் போனதாகவும், காதில் கருவியை மாட்டிக்கொண்டு எவரும் வீதியில் நடக்கமாட்டார் என்று அவர்கள் சொல்லிவிட்டதாகவும் பின்னாளில் அவரே தெரிவித்திருக்கிறார். ஸோனியின் வாக்மேன் 1979இல் வெளிவந்ததும், அதன்பேரில் அவர் நடத்திய வழக்குகள் 2003இல்தான் சமரசத்தில் முடிந்ததும் வேறு கதை.

எர்லாங்கன் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்த டீட்டர் ஸைட்ஸருக்கு, எண்களாக மாற்றிய சங்கீதத்தைத் தொலைபேசிக் கம்பி வழியாக வீட்டுக்கு வீடு அனுப்ப முடியுமா என்ற எண்ணம் நெடுநாளாக இருந்துவந்தது. ஓர் இடத்தில் பாட்டுகளையெல்லாம் சேகரித்து வைப்பது, வேண்டுகிறவர் தம் வீட்டிலிருந்தே தமக்குப் பிடித்ததைக் கேட்டு வாங்கிக்கொள்வது, இதுதான் திட்டம். அவர் விண்ணப்பத்தைப் பரிசீலித்த பேட்டண்ட் அதிகாரி இது ஆகாத காரியம் என்று தள்ளிவிட்டார். அதிகாரியைக் குறை சொல்ல நியாயமில்லை. அப்போது புதிதாக வந்த சிடி இசைத்தட்டில் ஒரு வினாடிச் சங்கீதம் 14 லட்சத்துக்கு மேற்பட்ட பிட்டுகளாக எழுதப்பட்டிருந்தது; வரவிருந்த ஐ.எஸ்.டி.என். தொலைபேசியின் இரண்டு பாதைகளையும் சேர்த்தாலும் வினாடிக்கு 1,28,000 பிட்டுகளுக்குமேல் போகாது. பதினொரு பங்கில் பத்துப் பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சங்கீதம் என்று சொல்லவேண்டும். இந்த அசாத்தியத்தைச் சாத்தியமாக்கும் பொறுப்பு 1982 முதல் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் என்ற ஆராய்ச்சி மாணவரிடம் வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் உலகமெங்கும் எம்பி3 என்று பெயர்பெற்ற இந்தச் சுருக்கக் கோப்புகள் பெரும்பாலும் வினாடிக்கு 128 கிலோபிட் என்ற அளவில் உலவியதற்கு மூலகாரணம், காற்றோடு போன அந்தத் தொலைபேசித் திட்டத்தின் கணக்கேயாகும்.

எதைக் கழிப்பது? இதற்கு விடை யந்திர சாஸ்திரத்தில் இல்லை. காதின் சாஸ்திரத்தில் இருந்தது. ஸ்டுட்கார்ட் நகரத்தில் ரிச்சர்ட் ஃபெல்ட்கெல்லரும் எபர்ஹார்ட் ஸ்விக்கரும் காதைச் செய்தி வாங்கும் ஒரு கருவியாகவே பாவித்து ஆராய்ந்து, 1956இல் அதைப்பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார்கள். நம் செவி எல்லாச் சுருதிகளையும் தனித்தனியே பிரித்துக் கேட்பதில்லை. ஏறக்குறைய 24 பட்டைகளாகக் கூட்டிக் கேட்கிறது. ஒரு பட்டைக்குள் ஓங்கி ஒலிக்கும் நாதம், அதற்கு அண்டையிலுள்ள மெல்லிய நாதத்தை மறைத்துவிடுகிறது. கல்யாணப் பந்தலில் தவில் முழங்கும் கணத்தில் சுருதிப்பெட்டியின் ரீங்காரம் நின்றுபோவதில்லை. ஆயினும் அது நம் செவிக்கு எட்டுவதில்லை. எட்டாததை எதற்காக எழுதிவைக்க வேண்டும் என்று கேட்டார்கள் எர்லாங்கன்காரர்கள். சங்கீதத்தைச் சிறு சிறு துண்டங்களாக்கி, ஒவ்வொரு துண்டத்திலும் எந்த நாதம் எதை மறைக்கிறது என்று கணித்து, மறைபட்ட பாகத்தை முரட்டுத்தனமாகவும் வெளிப்படுகிற பாகத்தை நுட்பமாகவும் எழுதுவது என்று ஏற்பாடாயிற்று. முரட்டுத்தனமாக எழுதுவதனால் உண்டாகும் இரைச்சலும் அந்த மறைவுக்குள்ளேயே ஒளிந்துகொள்ளவேண்டும். வெளியே தலைகாட்டினால் காரியம் கெட்டது.

அது எங்கெங்கே தலைகாட்டியது என்பதுதான் இந்தச் சரித்திரத்தின் சுவையான பகுதி. பெரிய வாத்தியக் கோஷ்டியின் ஆரவாரத்தில் எந்தத் தப்பும் மறைந்துபோயிற்று. ஸ்பானிய நடனத்தில் விரல்களுக்கிடையே தட்டும் காஸ்டனெட் கட்டைகளின் ஓசையோ உண்மையைக் காட்டிக்கொடுத்தது. நிசப்தத்துக்குப் பிறகு சடக்கென்று விழும் அடியின் இரைச்சல் துண்டம் முழுவதும் பரவியதனால், அடி விழுவதற்கு முன்பே அதன் நிழல்போன்ற ஒரு சலசலப்புக் காதில் பட்டது. நம்முடைய கடமும் கஞ்சிராவும் இதே பரீட்சையை வைத்திருக்கும். அடி வரும் இடத்தில் மட்டும் துண்டங்களை மிகச் சிறியவையாக்கி இதற்குப் பரிகாரம் கண்டார்கள். அடுத்து வந்தது அமெரிக்கப் பாடகி சூசன் வேகா, 1987இல் வெளியான தம் இசைத்தட்டில் பக்கவாத்தியம் எதுவுமின்றி ஒற்றைக் குரலில் பாடிய ‘டாம்ஸ் டைனர்’ என்னும் பாட்டு. ஒலிபெருக்கிகளைச் சோதிக்க அது உகந்தது என்று கேள்விப்பட்டு பிராண்டன்பர்க் தம் முறையிலே சுருக்கிப் பார்த்தார். குரல் சகிக்கமுடியாதபடி கெட்டிருந்தது. இரண்டு காதுகளுக்கும் நடுவிலே ஒரே குரல். துணைக்கு வேறு நாதமில்லை. இரைச்சலோ இருபுறமும் பரவி நின்றது. கணக்கை அடிமுதல் நுனிவரை திருத்தி, அந்தக் குரல் சுத்தமாக வரும்வரையில் அதையே எண்ணற்ற முறை திரும்பத் திரும்பக் கேட்டார். சுருக்கும் வித்தையில் தேர்ந்தவர்கள் அவ்வளவு பேரும், கேட்பதற்குச் சலிக்காதவர்களாக இருக்கவேண்டியிருந்தது என்பதை வெறும் கணிதத்தை மட்டும் புகழ்கிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

1985இல் எர்லாங்கனில் அமைந்த ஃபிரவுன்ஹோஃபர் ஆராய்ச்சிக் கழகம், 1987 முதல் சர்வகலாசாலையோடு சேர்ந்து, டிஜிட்டல் வானொலிக்கான ஐரோப்பியக் கூட்டுத் திட்டத்தில் இந்தக் காரியத்தைத் தொடர்ந்தது. ஒலியைச் சுருக்குவதற்குப் பொதுத் தரம் வகுக்க அமைந்த சர்வதேசக் குழுவுக்கு வந்த யோசனைகளை ஸ்டாக்ஹோமில் ஸ்வீடிஷ் வானொலிக்காரர்கள் செவிப்பரீட்சைக்கு உட்படுத்தினார்கள். மியூனிக் வானொலி ஆராய்ச்சிக்கூடமும் பிலிப்ஸும் பிரெஞ்சுக்காரரும் முன்வைத்த முறை எளிமையானது. எர்லாங்கன் முறை நுட்பமானது, ஆனால் யந்திரத்துக்கு வேலை அதிகம். இரண்டையும் தள்ள மனமில்லாத குழு, 1992இல் முடிந்த தரத்தில் எளியதை இரண்டாம் அடுக்கு என்றும் நுட்பமானதை மூன்றாம் அடுக்கு என்றும் ஏற்றுக்கொண்டது. பிறகு நடந்தது விபரீதம். எந்த டிஜிட்டல் வானொலிக்காக இவ்வளவு பாடுபட்டார்களோ அதுவே இரண்டாம் அடுக்கைத் தேர்ந்துகொண்டது. வீடியோ சிடியும் அதன் பின்னே சென்றது. மூன்றாம் அடுக்கை ஆதரிப்பார் அருகினர்.

அனாதையாய் நின்ற அந்த மூன்றாம் அடுக்குக்கு இன்டர்நெட் புகலிடமாயிற்று. 1995 ஜூலை 14ஆம் தேதி கழகத்து ஆராய்ச்சியாளர்கள் தங்களுக்குள் அபிப்பிராயம் கேட்டு, அம்முறையில் சுருக்கிய கோப்பின் பெயருக்குப் பின்னே எம்பி3 என்று சேர்ப்பதாகத் தீர்மானித்தார்கள். அந்த ஆண்டிலேயே விண்டோஸ் கம்ப்யூட்டரில் அதைக் கேட்க வின்பிளே3 என்னும் மென்பொருளும் வெளிவந்தது. கேட்கும் மென்பொருள் மலிவு, சுருக்கும் மென்பொருளுக்கு விலை என்பது அவர்களுடைய வர்த்தக யோசனை. ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் திருட்டுக் கடன் அட்டையின் எண்ணைக் கொடுத்துச் சுருக்கும் மென்பொருளை வாங்கி, அதன் உள்ளமைப்பை ஆராய்ந்து, உலகத்துக்கு இலவசமாக வழங்கிவிட்டார் என்று பிராண்டன்பர்க் சொல்லுவதுண்டு. அதன் பிறகு எவரும் எதையும் கட்டுப்படுத்த முடியவில்லை.

சுழலும் பாகம் எதுவுமில்லாத ஒரு மாதிரிக் கருவியை 1994இலேயே எர்லாங்கனில் செய்து பார்த்திருந்தார்கள். ஆனால் நினைவகச் சில்லுகளின் விலை அதை விற்பனைக்குக் கொண்டுவர இடந்தரவில்லை. 1998 மார்ச்சில் ஹானோவர் நகரத்து ஸீபிட் கண்காட்சியில், கொரியாவின் ஸேஹான் கம்பெனி எம்பிமேன் என்ற கருவியைக் காட்டியது. பவேரியாவின் ஷ்வார்ட்ஸன்ஃபெல்டில் பாண்டிஸ் என்ற சிறு கம்பெனியும் தன் கருவியைக் கொண்டுவந்தது. அதில் பாட்டு இருந்த அட்டை மாற்றக்கூடியது. அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் அமெரிக்காவில் டயமண்ட் கம்பெனி ரியோ பி.எம்.பி.300ஐ ஏறக்குறைய 200 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அதன் 32 மெகாபைட்டில் அரைமணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட சங்கீதம்தான் அடங்கும். அதைத் திறந்து பார்த்தவர்கள் அங்கே, சுருங்கியதை விரித்துக்கொடுக்கும் சில்லு தெற்கு ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரத்து மைக்ரோனாஸ் கம்பெனியிலிருந்து வந்ததென்று கண்டார்கள். காதின் கணக்கு எர்லாங்கனது, சில்லு ஃபிரைபர்க்கினது. லாபத்தின் பெரும்பகுதி போன இடம் வேறு. ஹெஸ்ஸே மாகாணத்து லோர்ஷ் நகரில் 2001இல் தோன்றிய டிரெக்ஸ்டோர் கம்பெனியின் ஐ.பீட் கருவிகள் ஜெர்மனியில் ஓரளவு விலைபோயின. 2009இல் அதுவும் திவாலாயிற்று. கிருண்டிக் அதற்கு முன்பே, 2003இல், திவாலாகியிருந்தது.

ரியோவின்மேல் அமெரிக்க இசைத்தட்டு வியாபாரிகள் வழக்குத் தொடுத்து 1999இல் அப்பீலில் தோற்றார்கள். அமெரிக்கா அப்போது எழுப்பிய கேள்வியை ஜெர்மனி ஒரு தலைமுறைக்கு முன்பே விவாதித்திருந்தது. அவ்விவாதத்தின் நடுவிலும் கிருண்டிக்கே நின்றது. கிருண்டிக்கின் டேப் ரிக்கார்டரை வைத்து வீட்டில் பாட்டைப் பதிவு செய்வது இசைகர்த்தாக்களின் உரிமையைப் பறிப்பதாகும் என்று அவர்கள் சங்கமான கெமா வழக்காடியது. 1901ஆம் வருஷத்துச் சட்டம் சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுக்க அநுமதித்திருந்தது உண்மையே. ஆனால் அச்சட்டத்தைச் செய்தவர்கள் கையால் எழுதிக்கொள்வதையே மனத்தில் வைத்திருந்தார்களேயன்றி இப்படியொரு யந்திரத்தையல்ல என்று 1955 மே 18ஆம் தேதி கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உரிமை கிடைத்தது; வசூலிப்பது எப்படி? யந்திரம் வாங்குகிறவர்களின் பெயர், விலாசங்களைக் கடைக்காரர்கள் அடையாளச் சீட்டைப் பார்த்து எழுதித் தரவேண்டுமென்று கெமா கோரியபோது, 1964இல் நீதிமன்றம் அதை மறுத்தது. குடிமகன் தன் வீட்டுக்குள் என்ன கேட்கிறான் என்று பார்க்க எவரும் கதவைத் தட்டக்கூடாது. இந்த இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையில் அகப்பட்ட சட்டசபை, 1965இல் ஒரு சமாதானம் செய்தது: வீட்டுக்குள் பிரதி எடுக்கலாம், அதற்காக யந்திரம் செய்கிறவர் விற்பனை வருமானத்தில் 5 சதவீதம் வரையில் இசைகர்த்தாக்களுக்கு ஈடு தரவேண்டும். இசைத்துறைச் சட்டங்களில் இவ்வளவு விவேகமான ஏற்பாட்டை நான் அதிகமாகக் கண்டதில்லை. எம்பி3 கருவிகள் வந்தபோது அவையும் இந்த ஈட்டுக்கு உட்பட்டன.

பேட்டண்ட் உரிமையின் விஷயத்தில் இத்தகைய சாந்தம் இல்லை. 2006இல் பெர்லின் கண்காட்சியில், பிலிப்ஸ் முதலியோரின் ஒலிப்பேட்டண்டுகளை நிர்வகித்த ஸிஸ்வெல் என்னும் இத்தாலியக் கம்பெனி நீதிமன்றத்தில் ஆணை பெற்று, ஸான்டிஸ்க் கம்பெனியின் கூடத்திலிருந்த எம்பி3 கருவிகளை அப்புறப்படுத்தச் செய்தது. 2008 மார்ச்சில் ஹானோவர் கண்காட்சிக்குள் 180க்கு மேற்பட்ட போலீசார் நுழைந்து 51 கூடங்களைச் சோதனையிட்டார்கள். பெரும்பாலானவை சீனம், ஹாங்காங், தைவான் ஆகியவற்றிலிருந்து வந்தவை. பத்து வருஷங்களுக்கு முன்பு கொரியக் கருவியை வியப்போடு பார்த்த அதே கண்காட்சியில்! ஃபிரவுன்ஹோஃபர் கழகமும் தன் உரிமைகளைத் தாம்ஸன் கம்பெனி மூலம் குத்தகைக்கு விட்டு, 2005ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 10 கோடி யூரோ ஈட்டியது. பிராண்டன்பர்க், பெர்ன்ஹார்ட் கிரில், ஹரால்ட் போப் ஆகிய மூவருக்கும் 2000ஆம் ஆண்டில் ஜனாதிபதி யோஹன்னஸ் ரௌ எதிர்காலப் பரிசை அளித்தார்.

இவ்வளவு வழக்கும் உரிமையும் நம் ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கவேயில்லை. சென்னை ரிச்சி வீதியிலும் பஸ் நிலையத்து வாசல்களிலும், இளையராஜா பாட்டுகள் நூற்றுக்குமேல் அடங்கிய எம்பி3 சிடிகள் நடைபாதையில் விற்றன. மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தரப்படும் என்று செல்போன் கடைதோறும் எழுதி ஒட்டியிருந்தார்கள். எர்லாங்கனுக்கோ அந்தப் பாட்டைப் பாடியவர்களுக்கோ ஒரு காசும் சேராத வியாபாரம் அது. ஆனாலும் கட்டணம் கொடுத்துக் கேட்கச் சக்தியில்லாத ஜனங்களுக்குச் சங்கீதம் வந்து சேர்ந்த வழியும் அதுவே என்பதால், அதை முற்றிலும் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை.

பேட்டண்டுகளின் ஆயுள் முடிந்துகொண்டிருந்த நிலையில் 2017 ஏப்ரல் 23ஆம் தேதி குத்தகைத் திட்டம் நிறுத்தப்பட்டது. 2001இல் பிறந்த ஐபாட், 2022 மே மாதத்தில் ஆப்பிள் கம்பெனியின் விற்பனைப் பட்டியலிலிருந்து நீங்கியது. கருவி செல்போனுக்குள் ஐக்கியமாகிவிட்டது. ஸைட்ஸர் கற்பித்த, கேட்டவுடன் பாட்டு வரும் தொலைதூரக் களஞ்சியமும் அதன் வழியாகவே வந்துவிட்டது. ஜெர்மனியில் இன்று செல்போன் வாங்குகிறவர் ஒவ்வொருவரும் அதன் விலையோடு, 1965ஆம் வருஷத்துச் சமாதானத்தின் வழிவந்த ஈட்டுத் தொகையாகச் சில யூரோவையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். கடைக்காரர் அதைத் தனியாகச் சொல்லுவதில்லை.