கேட்டதில் எது நிற்கிறது?

ஒரு வாக்கியத்தைக் கேட்கிறோம். மனத்தில் தங்குவது ஒலியா, பொருளா? இக்கேள்விக்குச் சுவையான வரலாறு உண்டு.

1964இல் இங்கிலாந்தைச் சேர்ந்த கான்ராட், ஆங்கில எழுத்துகளைக் கண்ணுக்குக் காட்டி உடனே எழுதச் சொன்னார். பிழைகளோ ஒலியை ஒட்டி வந்தன; 'பி' இருந்த இடத்தில் 'வி'! பார்த்ததைக்கூட மனம் ஓசையாக்கித்தான் வைத்துக்கொள்கிறது. 1966இல் ஆலன் பேட்லி சொற்களை எடுத்துக்கொண்டார். 'மேன், மேட், மேப்' என ஓசை ஒத்த சொற்களின் வரிசை வெகுவாகக் குழம்பியது; பொருள் ஒத்தவை அவ்வளவாகக் குழம்பவில்லை. அப்போ உடனடி நினைவு என்பது வெறும் ஓசைதானா?

வாக்கியம் என்று வந்தால் கதையே வேற. 1967இல் அமெரிக்காவில் ஜாக்குலின் சாக்ஸ், கலிலியோவையும் தொலைநோக்கியையும் பற்றிய ஒரு பகுதியைச் சிலரைக் கேட்கச் செய்தார். வாக்கியம் முடிந்த உடனே கேட்டால், சொல்லமைப்பில் செய்த மாற்றத்தையும் கண்டுபிடித்தார்கள். மேலும் 80 அசைகள், அதாவது அரை நிமிடத்துக்கும் குறைவான பேச்சு, கடந்துவிட்டால் போச்சு! செய்வினை செயப்பாட்டுவினையாக மாறியதுகூடப் பெரும்பாலும் தெரியவில்லை. பொருளை மாற்றினால் மட்டும் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

ஊரிலிருந்து வந்த பாட்டி தமிழில் சொன்னதைப் பேரன் கொஞ்ச நேரம் கழித்து இந்தியில் ஒப்பிக்கிறான். "தமிழ் மறந்துபோச்சே" என்று நாம் அலுத்துக்கொள்கிறோம். எனக்கென்னவோ கவலை இல்லை. பொருளைத் தமிழிலிருந்துதானே எடுத்தான்? சொற்களும் வேண்டுமென்றால், பாட்டி வாய் மூடுமுன் கேட்டுவிட வேண்டும்.