அரிசியில் எழுத வராத விரல்கள்



விஜயதசமியன்று பிள்ளையை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவிப்பது எங்கள் வழக்கம். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு அந்த விரல் மடங்கியே இருக்கும். இழுக்க இழுக்க இன்னும் இறுகும். "இவனுக்கு எழுத்து வராது" என்று அன்றே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பை மாற்றிய வரலாற்றில் ஒரு பகுதி இத்தாலியில் நடந்தது.

1861இல் லண்டன் வைத்தியர் வில்லியம் ஜோன் லிட்டில் இந்த நோயைப் பற்றிப் பேசியபோது, பிரசவச் சிக்கலையே காரணமாகக் காட்டினார். பலருக்குப் பாதிப்பு கருவிலேயே நேர்ந்துவிடுகிறது என்பது பிறகுதான் தெளிவானது. பழுது மூளையில்; கை அதன் சொற்படி நடப்பதில்லை. அறிவு குறைந்திருக்கும் என்று எண்ணவே கூடாது.

1900 அளவில் றோமில் மரியா மொந்தெசோரி என்ற பெண் வைத்தியர், மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அவர்களுக்கு இருந்தது வேறு குறைபாடு. ஆனால் அவர் கண்ட வழி எங்கள் விடயத்துக்கும் பொருந்தும். பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்கு ஊசி பிடித்துத் தைக்க வரவில்லை. அவளைப் பாய் இழைப்பதுபோல் கீற்றுகளைப் பின்ன விட்டார். பின்னிப் பழகியபின் தையலும் வந்தது. எழுத்துக்கும் அதையே செய்தார்: மரத்தில் வெட்டிய எழுத்துகளை முதலில் விரலால் தடவவேண்டும், எழுதுகோல் பிறகுதான். இதே அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தை இந்தியாவிலேயே கழித்தார்.

இன்றைய பயிற்சியாளர்கள் கைக்கும் முன்பே தொடங்குகிறார்கள். பாதம் நிலத்தில் படியவேண்டும், முதுகு சாயக்கூடாது, மேசை சரியான உயரத்தில் இருக்கவேண்டும். உடம்பு ஆடினால் கை எப்படி நிற்கும்? என்னைக் கேட்டால் சுழி நிறைந்த 'அ'வை விட்டு, நேர்கோட்டு 'ட', 'ப'வில் தொடங்கலாம்.

சில கைகளுக்கு எழுத்து வரவே வராது. 1966இல் பிறந்த மாலினி சிப் அப்படியானவர். அவருக்காகவே தாய் மிது ஆலூர் 1970களின் தொடக்கத்தில் பம்பாயில் சிறப்புப் பள்ளி தொடங்கினார். மாலினி ஒற்றை விரலால் தட்டச்சுச் செய்தே பட்டங்கள் பெற்று, 2010இல் தன் வாழ்க்கையை நூலாக வெளியிட்டார்.

இத்தாலி வேறு பாதையில் போனது. 1971இன் 118ஆம் சட்டம் இப்பிள்ளைகளுக்குப் பொது வகுப்பைத் திறந்தது. 1977இன் 517ஆம் சட்டம் தனி வகுப்புகளை ஒழித்துத் துணை ஆசிரியரைக் கொண்டுவந்தது. பகேரியாவிலும் இப்பிள்ளைகள் எல்லோரோடும் ஒரே வகுப்பில் இருப்பது இதனால்தான்.

நான் கணக்குப் பார்ப்பவன். 1992இன் 104ஆம் சட்டப்படி வேலை செய்யும் பெற்றோருக்கு மாதம் மூன்று நாள் சம்பள விடுப்பு உண்டு என்பது எங்கள் ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அயலவர் அறிந்துவிடுவார்கள் என்று சிலர் சான்றிதழே எடுப்பதில்லை. எடுத்தவர்களிலும் பலர் பள்ளிக் கூட்டத்துக்குப் போவதில்லை. பிள்ளையின் தனிக் கல்வித் திட்டம் அங்கேதான் எழுதப்படுகிறது. கொப்பிக்குப் பதில் கணினி, எழுத்து வேலைக்குக் கூடுதல் நேரம், இவற்றையெல்லாம் அங்கே கேட்கலாம். இத்தாலி மொழி தடுமாறினால் மூத்த பிள்ளையையோ, மொழி தெரிந்த ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள்.