கார்மிஷ் படைவீரர் ஓய்வு மையம்

ஜெர்மனியின் தெற்கெல்லையில், 2,962 மீட்டர் உயரமுள்ள சுக்ஸ்பிட்சே சிகரத்தின் அடிவாரத்தில், 1936ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக் நடைபெற்ற கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷென் நகரில் அமெரிக்கப் படையினருக்காக இயங்கும் விடுமுறை மையம் இது. இரண்டாம் உலகப்போருக்குப்பின் அமெரிக்க இராணுவம் கையகப்படுத்திய விடுதிகளில் தோன்றிய இவ்வேற்பாட்டின் இன்றைய இருப்பிடம், 2004இல் திறக்கப்பட்ட எடெல்வைஸ் விடுதியாகும்; இங்கு அறைவாடகை, தங்குபவரின் பதவிநிலைக்கேற்ப வேறுபடும். பனிச்சறுக்கு, சறுக்குவண்டி, பனிக்காலணி (பனியில் புதையாதபடி பாதத்தில் கட்டும் அகன்ற சட்டம்) அணிந்த நடை ஆகியவற்றோடு, படைப்பிரிவுச் சமயகுருமார் வீரர்களுக்கும் தம்பதியருக்கும் இங்கே உறவு வலுப்படுத்தும் முகாம்களை நடத்தியுள்ளனர். பாசறைக்கு வெளியே, சீருடையின்றிக் கழியும் இந்நாள்கள் மன இறுக்கத்தைத் தளர்த்தக்கூடும். ஆயினும் போர் அதிர்ச்சிக்கான மருத்துவத்திற்கு இவை மாற்றாகா.